கெல்லாஸ் தோட்டத்துக் காய்ச்சல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள கோப்பெங்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நனையத்தான் வருகிறார்கள். தித்திவங்சா மலைத்தொடரிலிருந்து இறங்கும் கம்பார் ஆற்றில் ரப்பர் படகு விடலாம். குவா தெம்புரோங் குகைக்குள் ஓடும் தண்ணீரில் ஊர்ந்து போகலாம். உலு கெரோவில் செமாய் மக்கள் வழிகாட்ட, காட்டுக்குள் ரஃப்லேசியா பூவைத் தேடலாம். ஈப்போவிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர்தான். விடுமுறை நாளில் பிள்ளைகள் வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். படகு எனக்கும் பிடித்திருந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: தண்ணீர் குளிர்ந்தது, கத்தினோம், கரையேறினோம்.

படகைச் செலுத்தியவன் தமிழ்ப் பையன். நான் வால்பாறை என்றதும், "அங்கயும் தோட்டமாக்கா?" என்றான். தேயிலைத் தோட்டம், அம்மா கொழுந்து பறித்தவள் என்றேன். "அப்ப எங்க பாட்டியப் பாக்காமப் போகக்கூடாது. பால்மரம் வெட்டுனவங்க. வீட்ல பசியாறிட்டு, நானே உங்கள கெல்லி கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க நல்ல நல்ல பேய்க்கதையெல்லாம் இருக்கு."

மலாயாத் தமிழர்களைப் பற்றி எனக்குள் பழைய எண்ணம் ஒன்று ஊறிப்போயிருந்தது. என் தாத்தாவின் ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே 'மலாயாக்காரர் வீடு' என்றால் தேக்குக் கதவு, கோடாலித் தைலம், பீரோவுக்குள் வாசனைப் பவுடர் டப்பா. கப்பல் ஏறியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், மலை ஏறிய நாம்தான் மாட்டிக்கொண்டோம் என்று வீட்டில் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

பாட்டியின் வீடு தாமான் என்னும் குடியிருப்பில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு இங்கே வந்துவிட்டார்கள். தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பாலும். பேரனுக்கு ஒரே கூச்சம். விருந்தாளிக்குக் கோழி சமைத்திருக்கக் கூடாதா என்று அவன் முணுமுணுக்க, பாட்டி என்னைப் பார்த்தே பேசினார். "தோட்டத்துப் பிள்ள வருதுன்னான். அதான் கிழங்கு அவிச்சேன். ஜப்பான்காரன் காலத்துல எங்கம்மாவுக்கு இதான் சோறு. எங்க பெரியப்பாவ சயாமுக்கு ரயில் போடப் பிடிச்சிட்டுப் போனானுங்க. வரவே இல்ல."

சிவகங்கையின் தேக்குக் கதவுகளுக்குப் பின்னால் இப்படியொரு வரி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திரும்பி வந்தவர்கள்தானே கதவு வைத்தார்கள். சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்க் காட்டிலேயே செத்த ஆயிரமாயிரம் தோட்டத் தமிழர்கள் யார் வீட்டுக்கும் தைலம் கொண்டுவரவில்லை.

பிறகு இரண்டு தோட்டக்காரிகளும் தொழில் பேசினோம். விடியும் முன்னே பெரட்டு என்னும் ஆள்கணக்கு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடிக்குள், மரம் மரமாக ஓடவேண்டும். உளியால் பட்டையைச் சாய்வாகச் சீவினால் பால் கோடாக இறங்கி மங்கில் சொட்டும். குளிர் இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். அதனால்தான் இருட்டிலேயே அந்த ஓட்டம். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்து வீணாகும், வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. எனக்கு இது புதிது. எங்கள் மலையில் மழைதான் வேலை. பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, காலில் அட்டை ஏற ஏற அம்மா பறித்திருக்கிறாள். "மழையில நனைஞ்சிக்கிட்டே வேலையா?" என்று பாட்டி என் அம்மாவுக்காக வருத்தப்பட்டார். மழை நாளில் அடுப்பு எரியாத அவருடைய லயத்தை நினைத்து நான் வருத்தப்பட்டேன். பேச்சு பழைய ரப்பர் மரங்களுக்குத் திரும்பியது. 1877-இல் சிங்கப்பூரிலிருந்து இதே பேராக்கின் குவாலா கங்சாருக்கு வந்த ரப்பர் கன்றுகள் வெறும் ஒன்பது. அவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் அங்கே இன்னும் வேலி போட்டுக் காப்பாற்றப்படுகிறது. பாட்டி அதைப் பார்த்ததில்லை. "மரம்தானே, நான் பாக்காத மரமா" என்றார்.

கை கழுவும்போதுதான் சண்டை வந்தது. கெல்லி துரையின் கோட்டைக்குப் போகிறோம் என்று பேரன் சொல்லிவிட்டான்.

"பேய்க்கத சொல்லவா?"

"வர்றவங்க அதத்தானே பாட்டி கேக்குறாங்க. மேல் மாடியில தொர நடக்குறாரு, மக ரூம்ல அழுற சத்தம் கேக்குதுன்னு சொன்னாத்தான் கவனிக்குறாங்க."

"தொர செத்தது போர்த்துகல்ல. அவரு எதுக்குடா இங்க வந்து நடக்கணும்? இங்க செத்தது நம்ம ஆளுங்க. காய்ச்சல் வந்து லயத்துக்கு லயம் செத்தாங்க. எங்க பாட்டியோட தங்கச்சி அதுல போனவங்க. அவங்களப் பேயின்னுகூட எவனும் சொல்றதில்ல!"

பேரன் எதிர்த்துப் பேசவில்லை. "நானும் வர்றேன், வண்டியெடு" என்று அவர் சேலையை மாற்றப் போய்விட்டார்.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1870-இல் பிறந்து, இருபது வயதில் மலாயா வந்து, பேராக்கில் காடு அழிக்கும் குத்தகையில் பணம் சேர்த்து, ஆயிரம் ஏக்கர் வாங்கி ரப்பர் போட்டார். சொந்த ஊரின் பெயரைத் தோட்டத்துக்கு வைத்தார்: கிந்தா கெல்லாஸ். 1915-இல், இன்று கெல்லி கோட்டை எனப்படும் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். மதராஸிலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள், செங்கல் வந்தது. ஆறு மாடிக் கோபுரத்துக்கு மின்தூக்கி வைக்கத் திட்டம். அந்த நேரத்தில்தான் 1918-இன் விஷக்காய்ச்சல் உலகைச் சுற்றி வந்தது. இந்தியாவில் மட்டும் அது ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதே காய்ச்சல் கடல் கடந்து வந்தவர்களையும் மாளிகையை ஒட்டிய ராயா ஆற்றங்கரையில் பிடித்துக்கொண்டது. மாரியம்மாவின் கோபம் என்று கண்ட தொழிலாளர்கள் கோயில் கட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள், அவரும் கட்டித் தந்தார். 1926-இல் அவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை முடியாமலே நின்றது.

கோட்டைக்குப் போனதும், பாட்டி ராயா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வரவில்லை. உள்ளே சுற்றினேன். கட்டடம் அழகு, அதை மறுக்க முடியாது. வெளிறிய செங்கல், வளைவு வளைவாகத் தாழ்வாரம், மேலே ஏறினால் சுற்றிலும் செம்பனையும் நீல மலையும். ஆனால் சாப்பாட்டுக்கு முன் பேய்க்கதை கேட்க ஆசைப்பட்ட மனசு இப்போது ஒவ்வொரு செங்கல்லிலும் ஆளைத் தேடியது. மாளிகையின் சொந்தக்காரர் யார், மனைவி யார், பிள்ளைகள் யார் என்று எல்லாருக்கும் தெரிகிறது. கல் சுமந்தவர்களுக்குக் 'கூலிகள்' என்ற ஒரே பெயர். எங்கள் ஆனைமலையிலும் மலைக்காய்ச்சலில் செத்தவர்களின் கணக்கு இப்படித்தான் தேயிலைக்கு அடியில் கிடக்கிறது.

கோயில் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். சுற்றுலா வண்டி ஒன்றுகூட அங்கே இல்லை. கூரைமேல் தெய்வச் சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்ட ஓர் ஆள் நிற்கிறார். தோட்டத்து மக்கள் வைத்த கெல்லி துரையின் உருவம். எனக்குச் சுள்ளென்றது. வால்பாறை மலைப்பாதையில், அங்கே தோட்டம் போட்ட கார்வர் மார்ஷ் துரைக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் எரிகிற எனக்கு, சாமிக்குப் பக்கத்திலேயே ஒரு துரை என்றால் எப்படியிருக்கும்? பாட்டியிடம் கொட்டிவிட்டேன்.

அவர் நிதானமாகத் திருநீறு பூசிக்கொண்டார். "கேட்டப்ப கோயில் கட்டிக் குடுத்தாரும்மா. அத மறக்கக்கூடாது. அவர வெச்சதுல தப்பில்ல. பக்கத்துல காய்ச்சல்ல போன நம்ம ஆளு ஒருத்தர வெச்சிருக்கலாம். அதுதான் எனக்குக் குறை."

நான் அவ்வளவு பெருந்தன்மைக்காரி இல்லை. ஆனால் அந்தக் குறையை அவர் சொன்னதற்கு மேல் சரியாகச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது பேரன்தான் பேச்சை எடுத்தான். "சரி பாட்டி, நாளைக்கு ஒரு குடும்பம் வருது. பேய விட்டுட்டு என்ன சொல்லட்டும்? செத்தவங்க பேரு ஊரு ஒன்னும் எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரிஞ்சவங்க பேரச் சொல்றேன். எங்க பாட்டி சொன்னது. எழுதிக்க."

அவன் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சட்டைப் பையில் கைப்பேசியைத் துழாவினான். பாட்டி பின்னாலிருந்து அவன் தோளில் தட்டினார். "நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா. அத அந்தப் பொண்ணுக்கிட்டக் குடு, அது பிடிச்சிக்கும். இந்தாம்மா, பதிவாகுதா? மொதல்ல கிழக்கு லயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்."