பேயிடம் கேட்காத கேள்வி

2016 கோடையில் ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரில் 'காஞ்சனா' படம் போட்டுக் காட்டினோம். பஸ் போகாத ஊர். ஜமுனாமரத்தூரில் இறங்கி நடக்கணும், இல்லையென்றால் மண்பாதையில் பைக். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிற ஊர். நான் மலைக்குக் கீழே, போளூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவன். நானும் இரண்டு தோழர்களும் சனி, ஞாயிறுகளில் அங்கே போய் ராப்பள்ளி நடத்திவந்தோம். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவது, பெரியவர்களுக்கு மனு எழுதித் தருவது. சாதிச் சான்றிதழுக்கு மனு, பட்டாவுக்கு மனு, ரேஷன் கார்டுக்கு மனு. எம்.ஏ. தமிழ் படித்ததற்கு உருப்படியான பயன் அதுதான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்ன படம் போடுவது என்று எங்களுக்குள் சண்டை. ஒரு தோழர் ஆவணப்படம்தான் போடணும் என்று பிடிவாதம். பிள்ளைகள் ஒரே குரலில் "பேய்ப் படம் சார்" என்றார்கள். பேய்ப் படத்தைப் போட்டு மூடநம்பிக்கையை வளர்ப்பதா என்று தோழர் கோபித்துக்கொண்டார். எனக்கும் உள்ளூர அந்த வெட்கம் இருந்தது. ஆனால் 2011இல் அந்தப் படம் வந்தபோது திருவண்ணாமலையில் ரெண்டு தடவை பார்த்தவன் நான். அதை அவரிடம் சொல்லவில்லை.

ரெண்டு மூங்கிலுக்கு நடுவில் வெள்ளை வேட்டி. வாடகை ஜெனரேட்டர். ஊரே வந்துவிட்டது.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ராகவா லாரன்ஸ் எடுத்து நடித்தது. 2007இல் வந்த 'முனி'யின் தொடர்ச்சி. கதாநாயகன் பயந்தாங்கொள்ளி. ராத்திரி ஒன்றுக்குப் போகக்கூட அம்மா துணை வேண்டும். அவனும் நண்பர்களும் காலி மைதானம் ஒன்றில் கிரிக்கெட் ஆட ஸ்டம்பு அடிக்கிறார்கள். அந்த மண்ணுக்குக் கீழே பிணம் இருக்கிறது. ஸ்டம்போடு பேயும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அப்புறம் நெடுநேரம் பயமும் சிரிப்பும் மாறி மாறி. கதவு தானாகத் திறந்தால் அலறுகிறோம். கோவை சரளா மருமகள் இடுப்பில் ஏறிக்கொண்டால் சிரிக்கிறோம். வீட்டில் பேய் இருக்கிறதா என்று சோதிக்கத் தேங்காயை வைக்கிறார்கள், மாட்டைக் கொண்டுவருகிறார்கள். ஊர் ஜனங்கள் அந்த இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை. தேங்காய் உருளும் திசையை உன்னிப்பாகப் பார்த்தார்கள். அது அவர்களுக்குத் தெரிந்த வேலை.

பேய் ராகவன் உடம்பில் இறங்கி அவன் புடவை கட்டிக்கொண்டு நடக்கிற கட்டம். உள்ளே இருப்பது யார் என்று இன்னும் சொல்லவில்லை. அங்கே ஜெனரேட்டர் நின்றுபோனது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

ஒரு பையன் பைக்கை எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் போனான். போய்வர ஒரு மணி நேரமாவது ஆகும். கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தேன். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. இருட்டில் ஒரு பெரியவர் சொன்னார்: "நெலம் விசயமாத்தான் இருக்கும்."

"எப்படிச் சொல்றீங்க பெரியவரே?"

"பின்ன எதுக்குப்பா மைதானத்துல பொதைக்கிறான்? சுடுகாட்டுல பொதைக்கத் தெரியாதா அவனுக்கு?"

படம் பார்க்காதவர் அவர். சரியாகச் சொன்னார். அப்புறம் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கேட்டால் எல்லாம் தெரிந்த ஆட்களின் சாவு. வேலைக்குப் போன இடத்தில் செத்த பெண், ஏரியில் மிதந்த பிள்ளை, காட்டுக்குப் போய்த் திரும்பாத ஆள். பேர் சொல்லி, வீடு சொல்லி, யாருக்கு என்ன முறை என்று சொல்லி. அந்தக் கதைகளில் யார் செத்தது என்கிற மர்மமே கிடையாது. பேர்தான் முதலில் வந்தது.

கதைப்பின்னல் என்று எங்களுக்கு வகுப்பில் பாடம் நடத்தினார்கள். முடிச்சு, வளர்ச்சி, உச்சம், அவிழ்ப்பு. ஒன்றை மறைத்துவைத்தால்தான் ஆர்வம், மறைத்ததைத் திறப்பதுதான் உச்சம் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். பேய்ப் படம் அந்தப் பாடத்துக்கு நல்ல உதாரணம். இடைவேளை வரைக்கும் யார் பேய் என்பதை மறைக்கும். அதற்குப் பிறகு பிளாஷ்பேக்கில் திறக்கும். ஆனால் எங்கள் தெருவில் நான் பார்த்த பேய்க்கு இந்தப் பாடம் பொருந்தவில்லை. அதை இதுவரைக்கும் எழுதியதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. என் பெரியம்மாவுக்குப் பேய் பிடித்தது. அறுப்புக்குப் போய்விட்டு வந்தவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குரல் மாறிவிட்டது. அந்தக் குரல் யாருடையது என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஊர்த்தெருக்காரர் ஒருவர் கிணற்றில் பிணமாகக் கிடந்த பெண், எங்கள் தெருப் பெண். அந்த வீட்டில் மாட்டுச்சாணி அள்ளப் போனவள். தவறி விழுந்துவிட்டாள் என்று எழுதி மூடினார்கள். நீந்தத் தெரிந்தவள் என்று என் அம்மா ராத்திரியில் முணுமுணுப்பாள்.

பூசாரியைக் கூட்டிவந்தார்கள். உடுக்கை, வேப்பிலை, சாம்பிராணி. "யாரு நீ?" என்றார். பெரியம்மா பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டார். மூணாவது தடவை உடுக்கை உச்சத்துக்குப் போனபோது பேரைச் சொன்னாள். தெருவே அழுதது. தெரிந்த பேர்தான். தெரிந்த பேரை அவள் வாயால் கேட்க அத்தனை நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"என்ன வேணும் உனக்கு?"

"சேப்புப் பொடவை வேணும். கருவாட்டுக் கொழம்பு வேணும்."

"அப்புறம்?"

பெரியம்மா ஊர்த்தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கையை நீட்டினாள். வாயைத் திறந்தாள். பூசாரி சட்டென்று அவள் உச்சி மயிரைக் கொத்தாகப் பிடித்தார். இழுத்துக்கொண்டுபோய்ப் புளியமரத்தில் ஆணி அடித்து, மயிரை அறுத்துவிட்டார். பேய் போய்விட்டது என்றார்கள். யார் நீ என்று கேட்டார். என்ன வேணும் என்று கேட்டார். யார் உன்னைத் தள்ளினது என்று மட்டும் கேட்கவில்லை. களத்துமேட்டில் அவருக்கு நெல் அளப்பவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். இதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் யோசித்தேன்.

பிளாஷ்பேக்கை அறுத்துவிட்ட பேய்க்கதை அது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை வெளியே சொல்லிவிடுவாளோ என்கிற பதைப்புத்தான் அங்கே எங்களைப் பிடித்து நிறுத்தியது. பயந்தவர்கள் நாங்கள் மட்டும்தானா? அன்றைக்கு ஊர்த்தெருவில் சாயங்காலமே கதவைச் சாத்தியிருந்தார்கள்.

இந்த அனுபவத்தோடு தமிழ்ப் பேய்ப் படங்களைப் பார்த்தால் எந்த உணர்ச்சிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்பதே அரசியலாகத் தெரிகிறது. 2005இல் வந்த 'சந்திரமுகி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பி. வாசு இயக்கியது, 1993இல் ஃபாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படத்தின் கதை. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைக்கு மேல் ஓடியது. அரண்மனை, பூட்டிய அறை, வடிவேலுவின் நடுக்கம் என்று படம் நிதானமாக ஏறுகிறது. நாட்டியக்காரி சந்திரமுகியின் காதலனை ராஜா வெட்டினான், அவளை உயிரோடு கொளுத்தினான். அவள் கதைக்கு எத்தனை நிமிசம் கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடைசியில் அது பேயே இல்லை, மனநோய் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். வைத்தியம் என்ன? ராஜாவைப் போல ஒரு பொம்மையை அவள் முன்னால் வைத்துக் கொளுத்தவிட்டு ஏமாற்றி அனுப்புகிறார்கள். கொளுத்தப்பட்டவளுக்குக் கிடைத்தது பொம்மை. நம்முடைய வழக்குகளுக்கு விசாரணைக் கமிஷன் வைப்பார்களே, எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) வேறு மாதிரி. விபத்தில் செத்த பெண்ணின் பேய் கதாநாயகன் வீட்டில் இருக்கிறது. அவனுக்குக் கெடுதல் செய்யவில்லை, பீர் பாட்டிலைத்தான் பிடுங்கிப் போடுகிறது. இடித்தவன் யார் என்று அவன் ஊரெல்லாம் தேடுகிறான். இடித்தவன் அவனேதான். பயம் மெதுவாகக் குற்றவுணர்ச்சியாக மாறுகிறது. தேடுகிறவன் தன் வீட்டிலும் தேடணும் என்று சொன்ன பேய்ப் படம் தமிழில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

சாதியையே பேயாகக் காட்டிய படத்துக்கு 2024 வரைக்கும் காத்திருந்தேன். அதுவும் மலையாளத்தில்தான் வந்தது. ராகுல் சதாசிவனின் 'பிரமயுகம்'. பாணர் சாதிப் பாடகன் தேவன் அடிமைத்தனத்திலிருந்து தப்பி, பாழடைந்த மனை ஒன்றுக்கு வருகிறான். மம்முட்டி நடித்த போற்றி அவனை உபசரித்துச் சோறு போடுகிறார். இந்தப் படத்தில் கதவு படாரென்று சாத்தாமலேயே வயிறு கலங்குகிறது, ஏனென்றால் பயம் அந்த உபசாரத்திலேயே இருக்கிறது. அப்புறம் தாயக்கட்டை. தோற்றால் பணயம் தேவனின் காலம். எத்தனை நாள் அங்கே இருக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாமல் போகிறது. பண்ணையில் படியாளாக இருந்த என் தாத்தாவுக்குத் தன் வயசு தெரியாது. அந்தக் கட்டத்தில் அவரை நினைத்துக்கொண்டேன்.

மலைக்கு வருகிறேன். பெட்ரோல் வந்தது. படம் மறுபடி ஓடியது. பிளாஷ்பேக்.

காஞ்சனா திருநங்கை. சரத்குமார் நடித்திருக்கிறார். பெற்றவர்கள் விரட்டிய பிள்ளைக்கு ஒரு முஸ்லிம் பெரியவர் இடம் கொடுக்கிறார். காஞ்சனா இன்னொரு திருநங்கைப் பிள்ளையை வளர்த்து டாக்டருக்குப் படிக்கவைக்கிறாள். ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்குகிறாள். எம்.எல்.ஏ. அந்த நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு அவளையும், அடைக்கலம் கொடுத்தவரையும், அவருடைய மனவளர்ச்சி இல்லாத மகனையும் கொன்று அதே மண்ணில் புதைக்கிறான்.

இங்கே அந்தப் படம் ஒரு வேலை செய்கிறது. முதல் பாதியில் ராகவன் புடவை கட்டி இடுப்பை வளைத்தபோது சிரித்தோமே, அதே வளைவு, அதே கைவீச்சு பிளாஷ்பேக்கில் திரும்ப வருகிறது. இப்போது சிரிக்க முடியவில்லை. 2011இல் தியேட்டரில் விசிலடித்த பையன்கள் இந்த இடத்தில் அடங்கியதைக் கேட்டிருக்கிறேன். நாம் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று நம்மையே திரும்பிப் பார்க்கவைக்கிற அடுக்கு அது. தெரிந்து செய்தார்களா, வியாபாரத்தில் தானாக அமைந்ததா, சொல்லமாட்டேன். திருநங்கையின் வலியைச் சொல்ல ஒரு பெரிய நடிகர் வேண்டியிருந்தது. அவள் பழிதீர்க்க ஓர் ஆம்பளை உடம்பு வேண்டியிருந்தது. இந்த விமர்சனம் எனக்கு இன்றைக்கும் உண்டு. இருந்தாலும் பூசாரி கேட்காத கேள்வியை இந்தப் படம் கேட்டுவிட்டது. கேட்டதும், கொன்றவன் பேரோடு பதிலும் வந்தது. என் பெரியம்மா அந்தப் படத்தை டிவியில் போடும்போதெல்லாம் ஏன் பார்க்கிறாள் என்று எனக்கு அன்று ராத்திரிதான் புரிந்தது.

படம் முடிந்தது. வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். முந்தின வருசம் அவர் புருசனைத் தரகன் ஒருத்தன் மரம் வெட்ட ஆந்திராவுக்குக் கூட்டிப்போனான். திரும்பவில்லை. அதற்குச் சில மாதம் முன்னால்தான், 2015 ஏப்ரல் 7 அன்று, சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள், பலர் பழங்குடிகள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். அந்த 20 பேருக்குப் பேராவது பேப்பரில் வந்தது. இவர் புருசன் ஜெயிலில் என்று ஒருத்தர் சொன்னார், ஓடும்போது ஆற்றோடு போய்விட்டான் என்று இன்னொருத்தர் சொன்னார். நான் மூணு மனு எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஊர்ப் பேரை எழுதாததற்கு இதுதான் காரணம். தரகன் இன்னும் அந்தப் பக்கம் வருகிறான்.

அந்த அம்மா வேட்டியின் ஒரு முனையைப் பிடித்து மடிக்க உதவினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அதுக்கு எடம் தெரியுது தம்பி. குச்சி அடிச்ச எடத்துல இருக்குது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வேட்டியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

காலையில் பிள்ளைகள் சாமை அறுத்த காட்டில் கிரிக்கெட் ஆடத் தயாரானார்கள். மூணு குச்சி. ஒரு பையன் கல்லை ஓங்கிக்கொண்டு நின்றவன், வரப்பில் உட்கார்ந்திருந்த தன் பாட்டியைப் பார்த்து, "ஆயா, இங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை.

பாட்டி எழுந்துவந்து சுற்றிலும் பார்த்தார். "அங்க வாணாம். இந்தப் பக்கமா அடி" என்றார்.