ஆய்வுக்கூடத்திற்கு வழி எது?



பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் எங்களிடம், “அடுத்து என்ன?” என்று கேட்பவர்கள் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மதிப்பெண் மிகுந்தால் டாக்டர், இல்லையேல் நர்சு, அதுவும் இல்லையேல் டீச்சர். மூன்றும் உயர்ந்த பணிகளே. எங்கள் அக்காமார் பலர் கடல் கடந்து நர்சாக உழைத்துத்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் டாக்டர் எழுதும் மருந்தையும், நர்சு மாட்டும் இரத்தப் பையையும் ஆராய்ந்து உருவாக்கியவர் யார்? அந்த வேலைக்கு நாங்கள் போகலாகாதா?

“மக்களே, அதப் படிச்சா வேல கிடைக்குமா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகும் தகப்பனாருக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. ஆகவே நாங்கள் சிலர் கூடி விசாரித்தோம். அறிந்ததை இங்கே தருகிறோம்.

ஆய்வுக்கூடங்கள் வெகு தொலைவில் இல்லை. குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வு, 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதே நகரில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும் உண்டு. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் பல்லாண்டு பணியாற்றிய டாக்டர் சௌமியா சுவாமிநாதன், 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியானார். வேலூரில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கை ஆராய்ந்த டாக்டர் ககன்தீப் காங், அதே ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அப்பெருமை பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

வழி இதுதான். பி.எஸ்ஸி., பின்பு எம்.எஸ்ஸி. அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர். – யு.ஜி.சி. ‘நெட்’ தேர்வு. அதில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை என்று 2023-இல் உயர்த்தினார்கள். டாக்டர் பட்டத்திற்குப் படிக்கும் காலத்திலேயே கையில் பணம் வரும்! தேர்வில் தேறாதவர்களும் சோர வேண்டாம். ஆய்வுத் திட்டங்களுக்கு உதவியாளர் தேவை என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்யும். நேர்முகத் தேர்வுக்குச் சென்று சேரலாம்.

இனிப்பை மட்டும் சொல்வது நேர்மையன்று. திட்டம் முடிந்தால் அந்த உதவியாளர் வேலையும் முடியும். பட்டம் பெற்ற பின்னும் நிரந்தர வேலைக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். அதற்குள், “கல்யாணம் எப்போது?” என்ற கேள்வி வாசலில் வந்து நிற்கும். திருமணத்தாலும் பிள்ளைப்பேற்றாலும் ஆய்வை நிறுத்திய பெண்கள் மீண்டும் தொடர, மத்திய அரசின் ‘வைஸ்-கிரண்’ திட்டம் உதவுகிறது. இது நம் தாய்மார்கள் அறிய வேண்டிய செய்தி.

எங்களுள் ஒருத்தி பி.எஸ்ஸி. படிக்கத் துணிந்துவிட்டாள். வீட்டில் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. அவளுக்காகவே இதை எழுதுகிறோம்.

நம் சிதறால் மலைக் கல்வெட்டு, குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண்மணி பகவதிக்குப் பொன் அணிகள் அளித்ததைச் சொல்கிறது. அது ஒன்பதாம் நூற்றாண்டு, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலம். குரத்தி என்றால் பெண் குரு. கற்றுத் தேர்ந்த பெண்ணின் பெயரை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. பெற்றோரே, எங்கள் பெயரை ஒரு விண்ணப்பத் தாளில் எழுத அனுமதி தாருங்கள்!