பத்தாம் நாள்

முகம் திருத்துவது பணம் படைத்தோரின் வேடிக்கை என்று எண்ணும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. பல்லோடு பல் பொருந்தாமையால் கூழில் கிடக்கும் மீன்துண்டையும் மெல்ல இயலாத பிள்ளையை அவர்கள் கண்டதில்லைப் போலும். நெடுந்தீவில் என் தமையனாரின் மகள் அப்படித்தான் வளர்ந்தாள். அரசாங்க வைத்தியசாலையொன்றில் அவளுக்கு மேற்றாடையைத் திருத்தினார்கள். சிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை. திறமையில் குறையும் இல்லை.

பத்தாம் நாள் மாலை மூக்கிலிருந்து சிறிது இரத்தம் வடிந்து தானாகவே நின்றது. "சூட்டுக்கு வந்திருக்கும்" என்றார் தாய். நள்ளிரவில் அது வாய் நிறையப் பெருகிற்று.

பிரெஞ்சு வைத்தியர் ரெனே லெ போர் 1901 இல் முகவெலும்பு முறியும் கோடுகளை வகுத்துக் காட்டினார். அவற்றுள் முதற்கோட்டின் வழியேதான் இன்று மேற்றாடையை அறுத்து நகர்த்துகிறார்கள். அதன் பின்புறத்தில் பெரிய நாடியொன்றின் கிளைகள் ஓடுகின்றன. உளியோ எலும்புமுனையோ பட்டு நாடிச்சுவர் காயமுற்றால், உறைந்த இரத்தம் அதனை அப்போதைக்கு மூடிவிடும். நாட்கள் செல்ல உறைவு கரையும். அல்லது காயத்தின்மேல் ஒரு பை புடைத்து வெடிக்கும். அரிதாகவே நேர்வது, நேர்ந்தால் பெரும்பாலும் முதலிரு வாரங்களுக்குள். முதலில் சிறு கசிவாக வந்து ஏமாற்றுவதே அதன் சூது. மூக்கின் பின்புறம்வரை அடைத்துப் பார்ப்பார்கள்; அடங்காவிடின் தொடைநாடி வழியே மெல்லிய குழாய் செலுத்தி, உடைந்த கிளையையே அடைக்கவேண்டும். தீவில் அதற்கு வசதி ஏது?

ஊர்காவற்றுறையார் இரவிலும் வண்டி பிடித்துப் பண்ணைப் பாலம் கடக்கலாம். நயினாதீவாருக்குக் குறிகட்டுவான்வரை சிறு கடல். நெடுந்தீவாருக்கோ ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல். அதன்பின் புங்குடுதீவு, வேலணை என்று நீளும் வீதி. கடற்படையின் படகு வரும்வரை பிள்ளையை முன்னே குனிந்து உட்காரவைத்து, இரத்தத்தை விழுங்கவிடாமல் சட்டியில் துப்பச் செய்தார்கள். தாடைகளைப் பிணைத்திருந்த இறப்பர் வளையங்களை வெட்டத் தாயின் கையில் கத்தரிக்கோல். நல்லவேளையாக, யாழ்ப்பாணத்தில் மூக்கை அடைத்ததோடு இரத்தம் நின்றது.

வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த துண்டில் கஞ்சியும், வாய் கொப்பளிப்பும், மறுபடி வரவேண்டிய திகதியும் எழுதியிருந்தன. வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் நடுவே கடல் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன? அன்றாடம் கடலுக்குப் போகும் தகப்பன் இரண்டு வாரம் பட்டணத்தில் வாடகை கொடுத்துத் தங்குவானா? தீவுப் பிள்ளைகள் அந்த நாட்களைக் கழிக்க, வைத்தியசாலைக்கு அருகே அரசாங்கச் செலவில் ஒரு விடுதி வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். கையொப்பமிட்டவர்களில் படகோட்டிகளே அதிகம்.