விளக்கை மறைத்த கை

இளமையில் எங்கள் ஊர்த் திருமண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுமந்து வருபவரின் முகம் எனக்குத் தெரிந்ததே இல்லை. கூசும் ஒளியில் அவர் மறைந்துபோவார். ஒருநாள் வாப்பா தம் உள்ளங்கையால் விளக்கை மட்டும் மறைத்து, "இப்பப் பாரு" என்றார். வியர்வை வழியும் ஒரு முதியவர் தெரிந்தார்.

வானியல் ஆய்வுக்குச் சென்றபோது அந்தக் கை நினைவுக்கு வந்தது. 1963ஆம் ஆண்டில் மார்ட்டென் ஷ்மிட் என்னும் அறிஞர், விண்மீன்போலத் தோன்றிய 3சி 273 என்ற ஒளிப்புள்ளி ஏறத்தாழ 200 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதைக் கண்டறிந்தார். அதுவே குவாசார். ஒரு விண்மீன் திரளின் நடுவே, மாபெருங் கருந்துளையை நோக்கி விழும் வாயு எழுப்பும் ஒளி அது. திரளோ அவ்வொளியில் மறைந்துவிடுகிறது.

திரளின் வடிவை எவ்வாறு அளப்பது? தனித்த ஒரு விண்மீனின் ஒளி, தொலைநோக்கியில் எவ்வாறு பரவுகிறது என்பதை அச்சாகக் கொண்டு, குவாசாரின் ஒளியை நீக்க வேண்டும். எஞ்சும் ஒளி நடுவிலிருந்து வெளியே குறையும் விதத்தைச் செர்சிக் என்பாரின் சூத்திரத்தால் அளப்பர். அதன் எண் 1 எனில் தட்டு வடிவம். 4 எனில் நீள்வட்டத் திரள்.

நான் முதலில் அளந்த திரளுக்கு எண் 4ஐத் தாண்டியது. "நீள்வட்டம்" என்று கருத்தரங்கில் துணிந்து கூறினேன். பின்னர் என் பேராசிரியர், "அச்சுக்கு எந்த விண்மீனை எடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். படத்தின் ஓரத்தில், உருக்குலைந்து கிடந்த ஒன்றை எடுத்திருந்தேன். அதனால் குவாசாரின் ஒளி முற்றும் நீங்காமல் நடுவில் தேங்கி, எண்ணை உயர்த்திவிட்டது. வேறு விண்மீனைக் கொண்டு அளந்தேன். மெல்லிய சுருள் கைகள் தோன்றின! அடுத்த வாரம் அதே அவையில் எழுந்து, "நான் கூறியது பிழை" என்றேன். நா எழவில்லை, எனினும் கூறினேன்.

பெரியோருக்கும் இது நேர்ந்ததுண்டு. ஜான் பாகால் குழுவினர் ஹப்பிள் தொலைநோக்கியால் ஆராய்ந்து, குவாசார்கள் பலவற்றைச் சுற்றி ஒளிமிக்க திரள் காணப்படவில்லை என 1995ஆம் ஆண்டில் அறிவித்தனர். மேலும் நுணுகி ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவில், 20 குவாசார்களுள் 12 நீள்வட்டத் திரள்களிலும், 3 சுருள் திரள்களிலும், 3 ஒன்றையொன்று ஈர்த்துக் குலையும் திரள்களிலும் இருந்தன. எஞ்சிய இரண்டைச் சுற்றி மங்கிய ஒளிப்படலம் தெரிந்தது.

அன்புத் தம்பியரே, தங்கையரே! காணவில்லை என்பது வேறு; இல்லை என்பது வேறு. இல்லை என்று சொல்லுமுன், விளக்கைச் சரியாக மறைத்தோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.