ஒற்றுமை யாருடைய கடமை?

கட்சி ஒற்றுமை என்னும் சொற்றொடரை மேடைகளிற் கேட்கும்போதெல்லாம் என் மனம் 1934ஆம் ஆண்டின் கலிபோர்ணியாவுக்குச் சென்றுவிடுகிறது. அந்த மாநிலத்தை நான் கண்டதில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாட்களில், சிக்காகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளின் கொடுமையைச் சித்திரிக்கும் ‘த ஜங்கிள்’ என்ற நாவலைப் படித்தேன். 1906இல் நூலாக வெளிவந்த அந்நாவல், அதே ஆண்டில் உணவுப் பொருட்களின் தூய்மை பற்றிய சட்டங்கள் அமெரிக்காவில் நிறைவேறத் துணைநின்றது. எழுத்தாளன் சமுதாயத்துக்குக் கடமைப்பட்டவன் என்று இரவிரவாக வாதாடிய எங்களுக்கு, அதன் ஆசிரியர் அப்ரன் சிங்கிளேயர் ஓர் ஆதர்சமாக விளங்கினார். அவர் தமது ஐம்பத்தைந்தாவது வயதில் தேர்தற் களத்தில் இறங்கி, மக்களின் வாக்கினால் வேட்பாளராகி, பின் தம் கட்சித் தலைவர்களாலேயே கைவிடப்பட்டார் என்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்தேன். அன்றிலிருந்து அக்கதை என்னை விட்டகலவில்லை.

கதையைச் சொல்லுமுன் முதனிலைத் தேர்தல் என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். என் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கும் இது புதுமையாகவே இருக்கிறது. நமது நாட்டில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைமைப்பீடமும் நியமனக் குழுவும் அறைக்குள்ளிருந்து தீர்மானிக்கின்றன. ஒரே கட்சியினர் தமக்குள்ளே விருப்பு வாக்குக்காக மோதுவதும் பொதுத் தேர்தல் நாளிலேதான் தீர்க்கப்படுகிறது. அமெரிக்காவிலோ, பொதுத் தேர்தலுக்குப் பல வாரங்கள் அல்லது மாதங்கள் முன்னதாகவே, சாதாரண வாக்காளர் வாக்களித்துத் தம் கட்சியின் வேட்பாளரைத் தெரிவுசெய்கின்றனர். அங்கே தோற்றவர் வென்றவரின் பின்னால் அணிவகுக்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். கட்சி ஒற்றுமை என்று அவர்கள் கூறுவது இதனையே.

1934இல் அமெரிக்கா பெருமந்தத்தின் பிடியிற் கிடந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அந்நாட்டுத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. நெடுங்காலம் சோஷலிசக் கட்சியில் இருந்த சிங்கிளேயர் 1933இல் ஜனநாயகக் கட்சியிற் பதிந்துகொண்டு, கலிபோர்ணியாவில் வறுமையை ஒழித்தல் என்ற திட்டத்தை ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். மூடிக்கிடந்த தொழிற்சாலைகளையும் தரிசாய்க் கிடந்த நிலங்களையும் வேலையற்றோரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவர்கள் இலாபத்துக்காகவன்றித் தம் தேவைக்காகவே உற்பத்தி செய்தல் வேண்டும். வறிய முதியோருக்கு மாதம் 50 டொலர் ஓய்வூதியம் வழங்குதல் வேண்டும். இவை அதன் சாரம். திட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ‘எபிக்’ என்ற சொல் வரும். காவியம் என்பதும் அச்சொல்லுக்குப் பொருள். தமிழ் கற்பிப்பவனாகிய எனக்கு அப்பெயர் பொருத்தமாகவே படுகிறது. அந்தக் காவியத்தின் நாயகர்கள் வேலையிழந்த தச்சர்களும், கடன்பட்ட சிறு விவசாயிகளும், இல்லத்தரசிகளும் ஆவர். அவர்கள் ஊர்தோறும் மன்றங்களை அமைத்தனர். பெருமுதலாளிகளின் பணம் வாராத நிலையில், அந்தச் சிறு நூலையும் தம் வார இதழையும் விற்ற சில்லறைக் காசைக் கொண்டே பிரசாரம் நடத்தினர்.

1934 ஓகஸ்ட் 28ஆம் திகதி நடைபெற்ற முதனிலைத் தேர்தலில் சிங்கிளேயர் ஏறத்தாழ 4 இலட்சத்து 36 ஆயிரம் வாக்குகளைப் பெற்றார். ஏனைய போட்டியாளர் எல்லோரும் சேர்ந்து பெற்ற வாக்குகளிலும் அது அதிகம். கட்சி உறுப்பினரின் தீர்ப்பு ஐயத்துக்கிடமின்றி வழங்கப்பட்டுவிட்டது.

ஆனால் ஒப்பந்தத்தின் மறுபக்கம் என்னவாயிற்று? இரண்டாமிடம் பெற்ற ஜோர்ஜ் கிறீல் முதலில் ஆதரவு தெரிவித்தார்; தேர்தல் நெருங்கியபோது அதனை மீளப்பெற்றார். ஜனாதிபதி ரூஸ்வெல்ற் செப்ரெம்பரில் சிங்கிளேயரை நேரிற் சந்தித்து இன்முகத்தோடு உரையாடினார். இறுதிவரை பகிரங்க ஆதரவு தரவில்லை. ஜனநாயகக் கட்சிப் பிரமுகர் பலர் குடியரசுக் கட்சி வேட்பாளரான ஆளுநர் பிராங் மெரியமுக்கு வேலை செய்யக் கிளம்பினர். சன்பிரான்சிஸ்கோத் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு எதிராக அவ்வாண்டு யூலையிற் படையை அனுப்பியவர் இந்த மெரியமே.

ஹொலிவூட் முதலாளிகள் நடிகர்களைக் கொண்டு பொய்ச் செய்திப்படங்களை எடுத்துத் திரையரங்குகளிற் காட்டினர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெரும் பத்திரிகை, சிங்கிளேயரின் நூல்களிலிருந்து பிய்த்தெடுத்த வரிகளை நாள்தோறும் கட்டமிட்டு வெளியிட்டது. நாவலில் ஒரு பாத்திரம் பேசிய வார்த்தைகூட ஆசிரியரின் சொந்தக் கொள்கையாகக் காட்டப்பட்டது. கூனியின் சொல்லுக்குக் கம்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை ஒத்தது இது.

பழியை வலதுசாரிகள்மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் ஆறுதலடைய முடியாது. சோஷலிசக் கட்சித் தலைவர் நோர்மன் தோமஸ் சிங்கிளேயரைக் கண்டித்தார். சோஷலிசக் கட்சியும் கம்யூனிஸ்ற் கட்சியும் அவருக்கெதிராகத் தனித்தனி வேட்பாளரை நிறுத்தின. சிங்கிளேயரும் ஒற்றுமையை நாடிச் செப்ரெம்பர் மாநாட்டில் ஒரு சமரச வேலைத்திட்டத்துக்கு இணங்கினார். திட்டத்தின் கூர் மழுங்கியது. விலகி நின்ற தலைவர்களோ நெருங்கி வரவில்லை. நவம்பர் 6ஆம் திகதி மெரியம் ஏறத்தாழ 11 இலட்சத்து 38 ஆயிரம் வாக்குகளையும் சிங்கிளேயர் 8 இலட்சத்து 79 ஆயிரம் வாக்குகளையும் பெற்றனர். மூன்றாவது வேட்பாளரான ரேமண்ட் ஹெயிற் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பிரித்துக்கொண்டார்.

இவ்வரலாற்றை வாசிக்குந்தோறும் என் பாட்டனாரின் நினைவு வரும். 1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வடமராட்சியில் இடதுசாரி வேட்பாளர் ஒருவருக்காகப் படலை படலையாக நடந்தவர் அவர். ஒரு சைக்கிளில் இருவராகச் சென்று துண்டுப்பிரசுரம் கொடுத்த நண்பரொருவர் அவருக்கு இருந்தார். சில ஆண்டுகளின் பின் இயக்கம் பிளவுபட்டது. நண்பர் ஒரு பக்கமும் பாட்டனார் மறுபக்கமும் ஆயினர். பிளவுக்கான காரணங்களைப் பற்றி இருவரிடமும் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. முதுமையில் அவர் என்னிடம் கூறியது இது: “நடக்கேக்கை எங்களைக் கேட்டவை, பிரியேக்கை ஒருத்தரும் கேக்கேல்லை.” அரசியல் விஞ்ஞான நூல்கள் பலவற்றைப் பின்னர் நான் புரட்டியிருக்கிறேன். அடிமட்டத் தொண்டனின் நிலையை இத்துணைச் சுருக்கமாக எடுத்துரைத்த வாசகமொன்றை அவற்றிற் காணவில்லை.

கலிபோர்ணியாவின் தொண்டர்களையும் பிரிவினைபற்றி எவரும் கேட்கவில்லை. ஆயினும் அவர்களின் உழைப்பு வீண்போகவில்லை என்பது கவனித்தற்குரியது. அதே 1934 தேர்தலில் அவர்களின் ஆதரவு பெற்ற பலர் மாநிலச் சட்டசபைக்குள் நுழைந்தனர். அவர்களுள் ஒருவரான கறுப்பினத்தவர் ஒகஸ்ரஸ் ஹோக்கின்ஸ் பின்னர் அமெரிக்கக் காங்கிரசில் நெடுங்காலம் பணியாற்றினார். மற்றொருவரான கல்பேர்ட் ஒல்சன் 1938இல் மெரியமையே தோற்கடித்து ஆளுநரானார். உட்பூசல்களால் மன்றங்கள் சில ஆண்டுகளிற் கலைந்துபோயின. அவற்றிற் பயின்ற மனிதர்கள் எஞ்சினர்.

தோற்ற பக்கம் இடதுசாரிகளாக இருக்கும்போது ஒப்பந்தம் எவ்வாறு பேணப்படுகிறது என்பதையும் நோக்குவோம். 2016இல் பேர்னி சாண்டர்ஸ் ஹிலரி கிளின்ரனிடம் தோற்றார். அவருக்காக உழைத்த இளைஞர் பலருக்கு அது கசப்பான தோல்வி. கட்சித் தலைமை நடுநிலையாக நடக்கவில்லை என்ற மனக்குறையும் அவர்களுக்கு இருந்தது. இருந்தும் யூலை 12ஆம் திகதி சாண்டர்ஸ் தம் ஆதரவைப் பகிரங்கமாக அறிவித்து, பல மாநிலங்களிற் கிளின்ரனுக்காகப் பிரசாரம் செய்தார். அவருடைய வாக்காளரிற் பெரும்பான்மையோரும் அவ்வழியே சென்றனர்.

2025இல் நியூயோர்க் நகரில் நிலைமை மறுதலையாயிற்று. மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி முதனிலைத் தேர்தலில், யூன் 24ஆம் திகதி, சோஷலிஸ்டான சொஹ்ரான் மம்தானி முன்னாள் ஆளுநர் அன்ட்ரூ கியூமோவை வென்றார். வாடகை உயர்வை நிறுத்துதல், கட்டணமில்லாப் பஸ், எல்லோருக்கும் குழந்தைப் பராமரிப்பு என்பன அவருடைய கோரிக்கைகள். பல்லாயிரம் தொண்டர்கள் மாடிமாடியாக ஏறி இறங்கியதன் பயன் அவ்வெற்றி. தோற்ற கியூமோ ஒதுங்கவில்லை. சுயேச்சையாக மீண்டும் களத்தில் நின்றார். காங்கிரசில் அக்கட்சியின் தலைவரான ஹக்கீம் ஜெப்ரிஸ் ஒக்ரோபர் 24ஆம் திகதியே வாய்திறந்து ஆதரவு கூறினார். செனற் சபையில் அக்கட்சியின் தலைவரான சக் சூமர் வாக்களிப்பு முடியும்வரை ஆதரவைப் பகிரங்கமாகத் தெரிவிக்கவேயில்லை. ஆயினும் தொண்டர்கள் மீண்டும் படிகளில் ஏறினர். நவம்பர் 4ஆம் திகதி, 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்த தேர்தலில், மம்தானி பாதிக்குச் சற்று அதிகமான வாக்குகளைப் பெற்று வென்றார். சிங்கிளேயருக்குக் கிட்டாதது தொண்ணூற்றோராண்டுகளின் பின் வேறொரு நகரில் வேறொருவருக்குக் கிட்டியது.

இவற்றை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். ஒற்றுமை என்னும் கடன் பெரும்பாலும் கீழிருப்போரிடமே அறவிடப்படுகிறது. தம் மனத்துக்கினியவர் தோற்றால் கசப்பை விழுங்கிக்கொண்டு மீண்டும் கதவு தட்ட வேண்டும் என்று அவர்களுக்குப் போதிக்கப்படுகிறது. அப்போதனை தவறானதன்று, பொது எதிரி வாசலில் நிற்கையில் கோபித்து ஒதுங்குவது பொறுப்பின்மையே. ஆனால் அதே கடன் மேலிருப்போரையும் கட்டுப்படுத்த வேண்டும். மக்கள் தேர்ந்தவரைத் தலைவர்கள் ஏற்க மறுப்பார்களாயின், ஒற்றுமைபற்றி அவர்கள் செய்யும் உபதேசத்துக்கு என்ன பெறுமதி இருக்கிறது?

இடதுசாரிகளான நமக்கும் இதிற் பாடமுண்டு. மேடையிற் கைகோத்து நின்று எடுத்த படத்தை ஒற்றுமையென்று கொள்ளலாகாது. எந்த வேலைத்திட்டத்தை நம்பித் தொண்டன் நடந்தானோ, அத்திட்டம் சமரசத்தின் பின்னும் உயிரோடிருக்கிறதா என்பதே கேள்வி. தேர்தலுக்காகக் கூடிய மன்றம் தேர்தல் முடிந்த மறுநாளும் கூடுகிறதா என்பது அடுத்த கேள்வி. இணைவதாயினும் பிரிவதாயினும், வெயிலில் நடந்தவனை அழைத்து அவன் அபிப்பிராயத்தைக் கேட்டார்களா என்பது எல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி. நம்மிடம் கற்கும் மாணவர்கள் நாளை ஏதோவொரு கட்சியின் துண்டுப்பிரசுரத்தைக் கையிலேந்துவர். இக்கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தை இன்றே அவர்களிடம் வளர்த்துவிடுதல் ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடிய அரசியற் பணியாகும்.