திருக்கடையூர்: காலையில் கல்யாணம், மாலையில் கபடி... கார்னரில் நிற்கப்போவது யார்?

காலை ஆறு மணிக்குத் திருக்கடையூர் மொத்தமும் கல்யாண வீடுதான். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வந்த தாத்தா பாட்டிகள் மாலையும் கழுத்துமாக அமிர்தகடேஸ்வரர் சந்நிதிக்கும் அபிராமி சந்நிதிக்கும் நடந்துகொண்டிருப்பார்கள். பின்னால் பேரன் பேத்திகள் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடுவார்கள். மதியச் சாப்பாடு முடிந்து வேன்கள் கிளம்பிவிட்டால் ஊர் அடங்கிவிடும்.

தலபுராணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யமன் பாசக்கயிற்றை வீசுகிறான். பதினாறு வயது மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டு பிடியை விடவே இல்லை. கபடி ஆடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது!

டெல்டா முழுக்கக் கபடி நாடு. சம்பா அறுவடை முடிந்ததும் ஊருக்கு ஊர் மின்னொளி கபடிப் போட்டி ஃப்ளெக்ஸ் கட்டிவிடுவார்கள். நிலத்தைச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, கோடு போட்டால் ஆடுகளம் தயார். விடிய விடிய ஆட்டம். ஒரு சின்ன விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். களத்தில் இறங்கும் பையன்களில் பெரும்பாலானோருக்குப் பாடிப் போகும் ரெய்டராகத்தான் ஆசை. கைதட்டல் அங்கேதானே இருக்கிறது?

ஆனால், ஏலத்தில் காசு இப்போது இன்னொரு பக்கமும் கொட்டுகிறது. புரோ கபடி லீக்கில் ஒரு கோடி ரூபாயைத் தொட்ட முதல் வீரர் ரெய்டர் இல்லை. 2018-ல் யு மும்பா எடுத்த ஈரான் வீரர் ஃபசல் அத்ராச்சலி. ஆடிய இடம் இடது கார்னர். 2023 ஏலத்தில் இன்னொரு ஈரானியர், அதே இடது கார்னரில் நிற்கும் முகமதுரேசா ஷாட்லூயிக்கு புனேரி பல்தான் கொடுத்தது 2.35 கோடி.

ஏன் இவ்வளவு? ஏழு பேர் வரிசையில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள்தான் கார்னர். ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டும் அந்த நொடியில் கணுக்காலைக் கவ்வ வேண்டும். கொஞ்சம் முந்தினால் எதிரணிக்குப் புள்ளி, பிந்தினால் ஆள் தப்பிவிடுவார். அவர் கவ்வியதும் பக்கத்தில் நிற்கும் கவர் வீரர் பாய்ந்து வந்து மேலே அமுக்க வேண்டும். கண்ணால்கூடப் பேச நேரமில்லை. இந்தப் புரிதல் ஒரே ஜோடி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சேர்ந்து ஆடினால்தான் வரும்.

ஊர் அணியில் அதற்கு வழி குறைவு. போட்டிக்குப் போட்டி வெளியூர் ஆளைச் சேர்த்து ஆடுவது சகஜம். களமும் மண். தொழில்முறை ஆட்டமோ மேட்டில், ஷூ போட்டு. வெறுங்காலைப் பிடித்துப் பழகிய கைக்கு ஷூ போட்ட கால் வேறு மாதிரி வழுக்கும்.

இங்கேதான் கல்லூரி வருகிறது. அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் அணிகள் எந்த இடத்துக்கு ஆள் வேண்டுமென்றாலும் பல்கலைக்கழக அணிகளைத்தான் பார்க்கும். நம் ஊரில் அவ்வளவு பணமோ ஏற்பாடோ கிடையாது. ஆனாலும், நல்ல உடற்கல்வி இயக்குநர் முதலாண்டிலேயே பையனின் உயரம், கை நீளம், பொறுமை எல்லாவற்றையும் பார்த்து, "ரெய்டர்" என்று வந்தவனை ஓரத்தில் நிறுத்திப் பார்ப்பார். பையன் முகம் சுருங்கும். மூன்று வருடம் ஒரே கவர், ஒரே கார்னர். பிறகு பல்கலைக்கழக அணி, தென்மண்டலப் போட்டி, அகில இந்தியப் போட்டி. அங்கே பார்க்க ஆள் வருவார்கள். ரயில்வே, போலீஸ் வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் அந்தச் சான்றிதழ்தான் வாசல்.

திருக்கடையூரிலிருந்து பொறையார் டி.பி.எம்.எல். கல்லூரியும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். பிளஸ் டூ முடித்ததும் வேலைக்குப் போய்விடுகிற பையனுக்கு மட்டும் அந்த மூன்று வருடம் கிடைப்பதில்லை. 18 முதல் 21 வரை. அதைத் தவறவிட்டால் திரும்ப வராது. கொஞ்சம் கொடுமையான கணக்குதான்.

தமிழ் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போன 2022 சீசனில் கார்னரில் ஆடிய சாகர், சாஹில் குலியா இருவரும் ஹரியானாக்காரர்கள். கவரில் நின்றவர்களில் எம்.அபிஷேக் நம்மவர். ஓரம்தான் காலி!

இத்தனைக்கும் இந்த இடத்தில் நம் மண்ணுக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதன். கார்னரில் நின்றே பெயர் வாங்கியவர். 40 வயதைக் கடந்தபிறகு, 2016-ல் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைமையேற்றுக் கோப்பையை வாங்கினார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக்கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். சக வீரர்கள் வட இந்தியர்களாக இருந்தாலும் அவரைக் கூப்பிட்டது 'அண்ணா' என்றுதான்.

அடுத்த வரிசையும் வராமல் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் மன்னார்குடி பக்கம் வடுவூரின் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா.

அபிராமியைத் தரிசிக்க வருகிறவர்கள் தை, மாசியில் வந்தால் ஓர் இரவு தங்கலாம். சுற்றுவட்டாரத்தில் எங்காவது மின்னொளி கபடி இருக்கும். டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். போனால் பாடி வருகிறவரை விட்டுவிட்டு, ஓரத்தில் குனிந்து, அவர் காலையே பார்த்துக்கொண்டு நிற்கும் பையனைப் பாருங்கள்.