செம்பு தேடப் போன கதை

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டெழுதியபோது, கனிப்பொருள் ஆராய்ச்சியிலே நான் கண்ட வெற்றிகளைப் பற்றி எழுதுவேனென்றே அவர்கள் எண்ணியிருத்தல் வேண்டும். வெற்றிகளைச் சொல்வதற்கு அலுவலக அறிக்கைகள் இருக்கின்றன. அவற்றை எவரும் படிப்பதில்லை என்பது வேறு விடயம். நான் இங்கே எழுதப்புகுவது, உத்தியோகத்தின் முதலாண்டிலே செய்த ஒரு பிழையைப் பற்றியாகும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது என்னை விட்டு நீங்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நிலத்தின் கீழே என்ன இருக்கிறதென்று கேட்டால், சுண்ணாம்புக் கல்லும் அதன் கீழே தண்ணீரும் என்றே விடை வரும். கிணறு வெட்டுதலே நாம் அறிந்த சுரங்க வேலை. உலோகம் என்பது எங்கள் தரையிற் கிடையாது. இந்நிலையில் எனக்குக் கல்லின்மேல் ஆசை பிறந்தது, நம் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த ஆசிரியர் ஒருவராலேயாம். பாடம் சலிப்புத் தட்டும் வேளைகளில் அவர் ஆனந்த குமாரசுவாமியைப் பற்றிச் சொல்வார். கலைஞானியாக உலகம் போற்றும் அப்பெரியார், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர், இளமையிலே கல்லாராய்ச்சியாளராய் இருந்தவர். 1903 இல் இலங்கையின் கனிப்பொருள் அளவீட்டுப் பகுதி தொடங்கியபோது அதன் முதற் பணிப்பாளரானவர். சப்பிரகமுவவின் இரத்தினக் கற்சரளைகளிற் கிடைத்த கரிய, கனத்த, சிறு கனசதுரக் கற்களை 1904 இல் அவர் ஆராய்ந்தார். முதலில் அவற்றை யுரேனியக் கனிப்பொருளென்றே கொண்டார். இலண்டனிலே பகுத்துப் பார்த்தபோது தோரியமே மிகுதியெனத் தெரிந்து, தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளாக அது பெயர் பெற்றது. "பெரியவர்களும் முதலிற் பிழையாகவே பார்ப்பார்கள், ஆனால் கல்லை ஆய்வுக்கு அனுப்பிவிட்டுப் பொறுத்திருப்பார்கள்" என்பார் ஆசிரியர். முன்பாதியை நான் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டேன், பின்பாதியை மறந்துபோனேன்.

1971 ஆம் ஆண்டிலே திருகோணமலைக்குத் தெற்கே, சேருவிலப் பகுதியில் செம்புப் படிவொன்று கண்டுபிடிக்கப்பட்டது. காரீயமும் இரத்தினமும் புல்மோட்டைக் கருமணலுமே இந்நாட்டின் கனிச்செல்வம் என்றிருந்த எங்களுக்கு அது பெருஞ் செய்தி. செம்பு அங்கே தனியாக இல்லை; மகனெற்றைற்று என்னும் காந்த இரும்புக்கல்லுடன் சல்கோபைரைற்றாகக் கலந்து கிடந்தது. சல்கோபைரைற்று காந்தத்தை அசைக்காது. அதன் தோழனான இரும்புக்கல்லோ நன்றாக அசைக்கும். ஆகவே இரும்பைத் தேடினாற் செம்பும் அகப்படலாம் என்பது எண்ணம். 1973 இல் கிழக்கு மாகாணத்திலே வேறோர் ஊரில் இத்தகைய தேடுதலுக்குப் புறப்பட்ட குழுவொன்றில், கையிலே புதிய பட்டமும் தலையிலே அதைவிடப் பெரிய கனமுமாக நானும் சேர்ந்துகொண்டேன்.

வேலையின் பெரும்பகுதி நடையே. காட்டை வெட்டி நேர்கோடிட்டு, ஐம்பது அடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையடியிலும் காந்தமானியால் ஓர் அளவு எடுப்போம். மண்ணும் ஒரு பிடி எடுத்துக் கடதாசிப் பைகளிலிட்டுக் கொழும்புக்கு அனுப்புவோம். பத்து இலட்சம் பங்கு மண்ணில் செம்பு சில பத்துப் பங்கு இருப்பது வழமை. சில நூறாக ஏறினால் நிமிர்ந்து உட்காருவோம். ஊரார் எம்மைப் புதையல் தேடுவோர் என்றே நம்பினர். மினுங்கும் கல்லைத் துணியில் முடிந்துகொண்டு ஒருவராவது மாலைதோறும் வருவார். அவை பெரும்பாலும் வெயிலும் மழையும் பட்டுப் பொன்னிறமான மைக்காவே. நகத்தாற் கிளறினால் ஏடு ஏடாகப் பிரியும். பைரைற்றாயின் உடைந்த பீங்கான் கோப்பையின் மெருகில்லாத விளிம்பில் உரைக்கக் கருங்கோடு விழும். "இது பொன்னல்ல" என்று சொல்வதற்கு ஒரு மென்மை வேண்டும். அது எனக்கு அப்போது இல்லை.

எம்மிடமிருந்தது புரோத்தன் காந்தமானி. கோலொன்றின் நுனியிலே திரவம் நிறைந்த போத்தல், அதைச் சுற்றிக் கம்பிச் சுருள். புவியின் காந்தப் புலத்துக்கேற்ப அத்திரவத்திலுள்ள புரோத்தன்கள் சுழன்றாடும் வேகத்தைக் கருவி எண்ணிச் சொல்லும். நம் நாட்டிலே அது செக்கனுக்கு ஏறக்குறைய 1,700 தடவை. புலம் 40,000 காமா அளவு. ஐரோப்பியப் பாடநூல்களிலே இரும்புப் படிவின்மேல் எண் உயர்வதாகப் படம் போட்டிருப்பார்கள். இங்கே அப்படியன்று. காந்த நடுக்கோடு எங்கள் பக்கமாகச் செல்வதால், படிவுக்கு நேர்மேலே எண் தாழும். கேரளத்துத் தும்பாவை ஏவுகணைத் தளத்துக்குத் தேர்ந்ததும் இக்கோட்டின் அண்மை கருதியே. இந்த நுட்பம் எனக்குத் தெரியுமென்பதிலே எனக்கிருந்த பெருமை கொஞ்சமன்று.

ஒரு நாள், மேட்டுநிலச் சோளத் தோட்டமொன்றின் ஓரத்து முளையிலே எண் 300 காமா தாழ்ந்தது. மீண்டும் எடுத்தேன், அதே எண். அடுத்த முளைகள் இரண்டிலும் வழமைபோல இருந்தது. சிவப்புத் துணி கட்டிய முளையொன்றை அங்கே அறைந்தேன். தோட்டக்காரர், அறுபது வயதிருக்கும், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்திருந்தவர், "தம்பி, கீழே என்ன கிடக்குது?" என்று கேட்டார்.

"இரும்புக்கல், ஐயா. அதோடு செம்பும் இருக்கலாம்" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. எங்களுக்கு அப்படிச் சொல்ல அனுமதியுமில்லை. ஆனால் அன்று அது என் நாவிலே இனித்தது.

மறுநாள் நல்லூர்த் திருவிழாவுக்கு விடுமுறை பெற்று ஊருக்குப் போய், பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். சிவப்பு முளை இருந்த இடத்திலே பதினான்கு அடி ஆழத்தில் ஒரு குழி வாய் பிளந்திருந்தது. பெரியவர் இரண்டு கூலியாட்களை வைத்து வெட்டுவித்திருந்தார். அடியிலே வெறும் சாம்பல்நிறக் கருங்கல். "கல் வந்துவிட்டது, தம்பி. இதை எப்படி உடைக்கிறது?" என்றார். மனைவியின் தோட்டை அடைவு வைத்து எடுத்த தொண்ணூறு ரூபாவும் கூலிக்கே போயிற்று என்று, முறைப்பாடாக அன்றி, வெறும் கணக்காகச் சொன்னார். மகளின் கலியாணத்துக்கு முன்பே மீட்டுவிடலாம் என்பது அவர் துணிவு.

நான் குழியைச் சுற்றி அளவெடுத்தேன். தாழ்வைக் காணவில்லை. கருவி பழுதோ என்று ஐயுற்று நடந்தபோது, வேலியோரத்து வேம்பின் அருகே எண்கள் துள்ளின. வேம்பின் மேல் இரண்டு பெரிய இரும்பு வளையங்கள் துருவேறிச் சாய்ந்திருந்தன.

"அது எங்கள் அப்பரின் வண்டிச் சில்லின் பட்டம், தம்பி. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்திலே வண்டி மண்ணோடு போனது. மரத்தையெல்லாம் கறையான் தின்றுவிட்டது. வெட்டத் தொடங்கிய முதல் நாளே, மூன்றடியில் அகப்பட்டது" என்றார். தாம் தேடிய இரும்பு அதுவேயென அவருக்குத் தோன்ற நியாயமில்லை. கல்லிருப்பதாக அல்லவோ படித்த தம்பி சொன்னது! ஆகவே வளையங்களை ஒருபுறம் சாத்திவிட்டு இன்னும் பதினொரு அடி இறங்கியிருக்கிறார்.

அன்றிரவு குழுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. கடதாசியிலே இரண்டு கோடு வரைந்தார்: ஒன்று அகன்ற பள்ளம், மற்றது ஒடுங்கிய பள்ளம். ஆழத்திலே கிடப்பது அகலமாகத் தெரியும்; மேலே கிடப்பது ஒடுக்கமாகத் தெரியும். ஒரே முளையில் மட்டும் எண் மாறினால் ஐந்து ஐந்து அடியாக நெருக்கி அளந்திருத்தல் வேண்டும். பல்கலைக்கழகத்திலே இதே கணக்கைப் பரீட்சையிற் செய்து நல்ல புள்ளி பெற்றவன் நான். "படத்திலுள்ள சிவப்புக் குறியை நான் அழிக்கிறேன். அந்த மனிதனிடம் நீரே போய்ச் சொல்லும்" என்றார் தலைவர்.

சொல்வதற்கு எனக்கு இரண்டு நாள் சென்றது. முதல் நாள் படலை வரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் திண்ணையிலிருத்தி, மோர் கொடுத்து, முழுவதையும் கேட்டார். குழியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "அப்போ, அப்பரின் வண்டியைத்தான் உம்முடைய பெட்டி கண்டுபிடித்தது" என்றார். அவர் சிரித்தாரா என்று இன்றும் என்னால் நிச்சயமாய்ச் சொல்ல முடியவில்லை. உள்ளிருந்து அவர் மனைவி எதுவும் பேசவில்லை. என் கையிலிருந்த தொண்ணூறு ரூபாவை நீட்டினேன், வாங்க மறுத்தார். திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாட் காலை, ஒரு சிறுவன் நாற்பத்தைந்து ரூபாவைத் திருப்பிக் கொண்டுவந்தான். தாமும் அவசரப்பட்டதால் பாதிக் குற்றம் தம்முடையதென்று பெரியவர் சொல்லிவிட்டாராம்.

அவ்வூரிலே செம்பு கிடைக்கவில்லை. மண் மாதிரிகளும் அதையே கூறின. மாரியிலே குழியின் கரைகள் இடிந்து பாதி தூர்ந்துபோயின.

அடுத்த ஆண்டு, அயலூரில் வேலை செய்தபோது, காலையொன்றில் கோட்டின் நடுவே எண்கள் காரணமின்றி ஏறியும் இறங்கியும் அலைந்தன. தலைநிமிர்ந்து பார்த்தேன். தெருவிலே புது மரத்தில் பழைய பட்டங்கள் பூட்டிய வண்டியொன்று நெல் மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் கையுயர்த்தினார். நானும் உயர்த்தினேன். வண்டி வளைவைத் தாண்டி மறையும் வரை பொறுத்திருந்து, அளவை மீண்டும் எடுத்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்.